ஆறு லிட்டரின் வேகம்

கம்மோடில் பிளஷ் சரியாக இறங்கவில்லை என்றதும் பழி முதலில் மொட்டை மாடித் தொட்டியின் மேல்தான் விழும். "மேலே பிரஷர் பத்தலை" என்று சிலர் பிரஷர் பம்ப்புக்கு விலை விசாரிக்கவே கிளம்பிவிடுவார்கள். கம்மோடின் பின்னால் பிளஷ் டேங்க் இருக்கும் வீட்டில் அந்தச் செலவு வீண். மாடித் தொட்டியின் அழுத்தம், சின்ன டேங்க் எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்பதை மட்டும்தான் தீர்மானிக்கும். பட்டனை அமுக்கிய பிறகு நடப்பதெல்லாம் அந்த டேங்குக்குள் நிற்கும் தண்ணீரின் வேலை. டேங்கே இல்லாமல் சுவரில் பதித்த பிளஷ் வால்வு என்றால் மட்டும் கணக்கு வேறு. அதற்கு மாடியின் அழுத்தம்தான் எல்லாம்.

அந்தத் தண்ணீரிடம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது? பழைய வீடுகளில் தலைக்கு மேலே, சங்கிலி தொங்கும் வார்ப்பிரும்புத் தொட்டி இருக்கும். 10 லிட்டர் தண்ணீர் 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 196 ஜூல். இன்றைய டேங்கில் முழு பிளஷுக்கு 6 லிட்டர். விழும் உயரம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 24 ஜூல்கூட முழுதாக வராது. பழையதில் எட்டில் ஒரு பங்கு! நீளமான ஒல்லிக் குழாயில் உராய்ந்தே பழைய தொட்டியின் ஆற்றலில் ஒரு பகுதி வீணானது உண்மைதான். ஆனாலும் வித்தியாசம் பெரியது.

இவ்வளவு குறைந்த ஆற்றலில் வேலை நடப்பதே நல்ல வடிவமைப்பால்தான். அமெரிக்காவில் 1992இல் இயற்றிய சட்டம், 1994 முதல் வீடுகளுக்கு வரும் புதிய கழிப்பறைகள் ஒரு பிளஷுக்கு சுமார் 6 லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்றது. முதலில் வந்த மாடல்கள் பலவற்றில் இரண்டு தடவை அமுக்க வேண்டியிருந்தது. மிச்சம் பிடித்த தண்ணீர் அங்கேயே போயிற்று. 2003இல் வட அமெரிக்காவில் 'மேப்' என்ற சோதனை முறை வந்தது. கழிவுக்குப் பதிலாக சோயா பசையை வைத்து, ஒரே பிளஷில் எத்தனை கிராம் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். அளவு என்று ஒன்று வந்தபின் கம்பெனிகள் கிண்ணத்தின் வளைவையும் வால்வின் அகலத்தையும் திருத்தின.

திருத்தியது எல்லாமே வேகத்துக்காக. கிண்ணத்துக்கு அடியில் குழாய் நேராக இறங்குவதில்லை. மேலே ஏறி, வளைந்து, பிறகுதான் இறங்குகிறது. அந்த வளைவில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை வீட்டுக்குள் வர விடாமல் தடுக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் இப்படிப்பட்ட வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். கடிகாரம் செய்வது அவர் தொழில். நாற்றத்துக்குத் தடையாக இருக்கும் வளைவுதான் கழிவுக்கும் மேடு. தண்ணீரை மெதுவாக விட்டால் அது மட்டும் மேட்டைத் தாண்டி வழிந்துபோகும், கழிவு இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்று நான்கு விநாடிக்குள் மொத்தமாக வந்து தள்ள வேண்டும்.

எனவே பிளஷ் சோர்ந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேகம் எங்கே குறைகிறது, கிண்ணத்துக்கு முன்பா, பின்பா? இதற்கு விடை சொல்ல ஒரு பக்கெட் போதும். 6, 7 லிட்டர் தண்ணீரை எடுத்து, சிதறாத உயரத்திலிருந்து கிண்ணத்துக்குள் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கடகடவென்று இழுத்துக்கொண்டு போனால் போகும் வழி சுத்தம். கோளாறு டேங்கிலோ விளிம்புத் துளைகளிலோ இருக்கிறது. தண்ணீர் மேலே ஏறி நின்று மெல்ல வடிந்தால் அடைப்பு கீழே. ஆசிட் வாங்குவதற்கும் பிளம்பரைக் கூப்பிடுவதற்கும் முன்னால் இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம் என்பது என் வருத்தம்.

டேங்கில் என்றால் மூடியைக் கழற்றுங்கள். உட்சுவரில் நீர்மட்டக் கோடு இருக்கும். தண்ணீர் அதற்குக் கீழே நின்றால் மிதவையின் திருகைச் சரிசெய்து மட்டத்தை ஏற்றலாம். தண்ணீர் சேமிக்க யாராவது உள்ளே செங்கல் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். 6 லிட்டருக்கென்று வடித்த கிண்ணத்துக்கு 5 லிட்டர் போதாது, கரையும் செங்கல் மண் வாஷரையும் கெடுக்கும். அடுத்து, வால்வைக் கையால் முழுக்கத் தூக்கிப் பாருங்கள். கையால் தூக்கினால் நன்றாகவும் பட்டனை அமுக்கினால் மந்தமாகவும் இறங்கினால், பட்டனுக்குக் கீழே உள்ள குச்சி குட்டையாகி வால்வை அரைகுறையாகத் திறக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான மாடல்களில் குச்சியைத் திருகி நீளமாக்கலாம். டேங்க் தண்ணீரில் சில துளி சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் பிளஷ் செய்யாமல் இருங்கள். கிண்ணத்தில் நீலம் தெரிந்தால் வாஷர் கசிகிறது. கழுவியோ மாற்றியோ போடுங்கள்.

டேங்க் சரியாக இருந்தும் பிளஷ் மந்தம் என்றால், போர் தண்ணீர் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது விளிம்பைத்தான். ஒரு சின்னக் கண்ணாடியை விளிம்புக்கு அடியில் காட்டினால் வரிசையாகத் துளைகள் தெரியும். கடின நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. ஒவ்வொரு பிளஷுக்குப் பிறகும் துளையோரத்தில் தங்கும் துளியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிய, நீர் ஆவியாக, கால்சியம் கார்பனேட் கல்லாகப் படிகிறது. நாம் உப்பு படிகிறது என்பது இதைத்தான். துளையின் விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடும். வழியும் தண்ணீரும் ஏறத்தாழ அதே கணக்கில் குறையும். அதனால்தான் பார்வைக்கு லேசாகத் தெரியும் படிவுகூட பிளஷைப் படுக்கவைத்துவிடுகிறது.

இதைக் கரைக்க மென்மையான அமிலம் போதும். வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ பழைய துணியை நனைத்து, விளிம்புக்கு அடியில் திணித்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். குமிழி கிளம்பினால் கல் கரைகிறது என்று பொருள். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துளைகளில் மெல்லிய கம்பியை விட்டுச் சுரண்டலாம். கடையில் ஆசிட் என்று விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சீக்கிரம் கரைக்கும்; ஆனால் அதன் ஆவி மூச்சை அடைக்கும், உலோகத்தை அரிக்கும். எந்த அமிலமானாலும், வினிகரே ஆனாலும், பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சின்னக் குளியலறையில் அது ஆளையே கொல்லக்கூடியது.

அடைப்பு கீழே என்றால் ரப்பர் பம்ப். அதன் வாய் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். அமுக்குவதைவிட வெடுக்கென்று இழுப்பதில்தான் அடைப்பு அசையும். கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள், பீங்கான் விரிசல் விடும். பிளஷ் செய்யும்போது பக்கத்துத் தரைச் சல்லடையில் குடுகுடுவென்று சத்தம் வந்தால், மொட்டை மாடிக்குப் போகும் காற்றுக் குழாயை இலையோ கூடோ அடைத்திருக்கலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும், வீட்டின் எல்லாக் கழிவறைகளிலும் தண்ணீர் தயங்கி இறங்கினால் செப்டிக் டேங்க் நிரம்பியிருக்க வாய்ப்புண்டு. நீங்களே செய்யும் வேலை அங்கே முடிகிறது. உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர்கள் மயங்கி விழுவது அதனால்தான். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவுநீர் லாரியை வரவழையுங்கள். உள்ளே லாரியின் குழாய் மட்டும் இறங்கட்டும்; "ஆள் இறங்கினால் சீக்கிரம் முடியும்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.