வழக்காறும் நீதியும்: புதுவைக் கிராமங்களில் பிணக்குத் தீர்த்தல்

மீதியான் தேசத்து ஆசாரியனாகிய எத்திரோ தன் மருமகன் மோசேக்கு வழக்குத் தீர்க்கும் முறையைக் கற்பித்ததை யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்பாலைநிலத்து நாடோடி அரபுக் குலங்களிடையே இன்றும் எழுதப்படாத வழக்காறு வாழ்கிறது. இரத்தம் சிந்தப்பட்டால் பெரியோர் முதலில் தவணைச் சமாதானம் பெறுவர். மதிப்புள்ள ஒருவர் அதற்குப் பிணையாக நிற்பார். பின்னரே ஈட்டுத்தொகை பேசப்படும். குற்றவாளியைத் தண்டிப்பதைவிட, இரு குலத்தாரும் மீண்டும் அருகருகே வாழ வழிசெய்வதே இதன் நோக்கம்.

இந்நோக்கம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் மக்களுக்கும் புதியதன்று. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கொம்யூன் பஞ்சாயத்து வேறு. ஊரார் கூடும் ஊர்ப்பஞ்சாயத்து வேறு. கடலோர மீனவர் ஊர்களில் இது இன்றும் வலுவுடையது. வலை, கடன், குடும்பப் பிணக்கு ஆகியவை அங்கே பேசப்படுகின்றன. தவறியவர் தெண்டம் கட்டி, சபையை வணங்கி, ஊரோடு ஒன்றுகிறார். பணியாதவருக்கு ஊர்விலக்கு.

பிரெஞ்சு ஆட்சி இவ்வழக்காறுகளை ஒழிக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிச் சாவடி நீதிமன்றம் உள்ளூர் மக்களின் வழக்குகளை அவரவர் முறைமைப்படி தீர்த்தது. 1819 ஜனவரி 6-ஆம் நாள் ஆணையும், இந்தியர், கிறிஸ்தவராயினும், தத்தம் சாதி வழக்கப்படியே நியாயம் பெறுவர் என விதித்தது. வழக்காறு பற்றிக் கருத்துரைக்க 1827-இல் இந்தியரைக் கொண்ட ஆலோசனைக் குழுவொன்றும் அமைந்தது. பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்ற வழக்காற்றின்படி, தந்தை உயிரோடிருக்கையில் மகனுக்குப் பிதிரார்ஜிதச் சொத்தில் பங்கில்லை. வரப்புக்கு அப்பால் கடலூர்ப் பகுதியிலோ பிறப்பினாலேயே பங்குண்டு. வழக்காறு என்பது மாறாத பழமையன்று. அதை அறிவிப்பவரின் கையிலும் அது உருப்பெறுகிறது என்பதற்கு இது சான்று.

அறிவிப்பவர் யார் என்பதே நம் கவலை. ஊர்ச்சபையில் பெண்களுக்கு இடமில்லை. சேரிமக்களின் வழக்கில் மேற்சாதியாரே நியாயத்தாராயினர். 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை, சாதி வழக்காற்றைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின்கீழ் வர வழி திறந்தது. அவ்வாறு துறந்து குடும்பப்பெயர் சூடியவருள் கிறிஸ்தவரும் ஒடுக்கப்பட்டோரும் மிகப்பலர். சிலருக்கு நிழலாயிருந்த வழக்காறு இவர்களுக்கு நுகமாயிருந்தது.

இந்நுகம் இன்னும் முற்றும் நீங்கவில்லை. மனமொத்து மணந்தோரைத் தண்டிக்கும் சாதிப் பஞ்சாயத்துகளும் கட்டப்பஞ்சாயத்துகளும் சட்டவிரோதமானவை என்று உச்சநீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. மணம்புரிவோரைக் காக்க 2018-இல் மேலும் நெறிமுறைகள் வகுத்தது. ஆயினும் இருதரப்பும் மனமுவந்து செய்யும் சமரசத்தைச் சட்டம் தடுப்பதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மக்கள் நீதிமன்றங்கள் அதையே செய்கின்றன.

ஆகவே, சமரசம் பேச அழைக்கப்படும் போதகர் மூன்று காரியங்களை ஆராயவேண்டும். இருவரும் அச்சமின்றி வந்தனரா? எளியவர் சமமாக அமர்ந்து தம் வாயாலேயே பேசினாரா? காவல்துறைக்குச் செல்லவேண்டிய கொடுஞ்செயல் சபையின் மானம் கருதி மூடப்படுகிறதா? சகோதரன்மேல் வழக்காடலாகாது என 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தை நாம் எடுத்தாளுகிறோம். அங்கே பவுல் அநியாயஞ்செய்பவரையும் கடிந்துகொள்கிறார் என்பதை மறக்கிறோம். தன் உரிமையை ஒருவர் தாமே விட்டுக்கொடுப்பது அன்பு. பிறர் உரிமையை விட்டுக்கொடுக்கும்படி நாம் நெருக்குவது அன்பாகாது.