பேத்தமங்களா ஏரி உடைந்தால் வாணியம்பாடிக்கு யார் சொல்வது?

கோலார் தங்கவயல் மக்களுக்குப் பேத்தமங்களா என்றதும் குடிதண்ணீர் நினைவுக்கு வரும். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் குடித்தது அந்த ஏரித் தண்ணீர். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது, ஏரி இருக்கிறது.

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, பேத்தமங்களா வழியாக ஓடி, ஆந்திரத்தைக் கடந்து தமிழகத்தில் நுழைகிறது. அதன் கரையில்தான் வாணியம்பாடியும் ஆம்பூரும் உள்ளன. தங்கவயல் தமிழர் பலரின் முன்னோர் புறப்பட்டு வந்ததும் அந்தப் பழைய வட ஆற்காட்டுச் சீமையிலிருந்துதான்.

200 உயிர்கள்

1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்தில் பெருமழை. பேத்தமங்களா உள்ளிட்ட ஏரிகள் உடைந்தன. ஒரு ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழே உள்ள ஏரியின் கரையில் மோதும், அதுவும் தாங்காது. நவம்பர் 12 அன்று வாணியம்பாடியை வெள்ளம் வாரிச் சென்றது. இறந்தவர்கள் 200 பேருக்கு மேல். அவர்கள் நினைவாக அங்கே தூண் ஒன்று நிற்கிறது.

திடீர் வெள்ளத்தின் குணம் இது. மழை ஓரிடம், சாவு வேறிடம். தன் ஊர் வானத்தைப் பார்த்து யாரும் எச்சரிக்கையாக இருந்துவிட முடியாது. மேலே இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

தந்தி காப்பாற்றியது

அந்தக் காலத்தில் முடியுமா என்று கேட்கலாம். முடிந்திருக்கிறது. 1893-ல் இமயமலையின் கார்வால் பகுதியில் மலை சரிந்து, பிரஹி கங்கை ஆற்றை அடைத்துக்கொண்டது. கோனா என்ற பெரிய ஏரி உருவானது. அது உடையும் என்று கணித்த பொறியாளர்கள், ஹரித்துவார் வரை தந்திக் கம்பி இழுத்தனர். வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்று காட்ட, கரை நெடுகத் தூண்கள் நட்டனர். 1894 ஆகஸ்டில் ஏரி உடைந்தது. ஸ்ரீநகர் என்ற ஊர் அழிந்தது. இறந்தவர்கள் ஐந்தே பேர். எச்சரித்தும் அகலாத ஒரு பக்கிரியும் அவர் குடும்பமும்.

அங்கே தூண் வெள்ளத்துக்கு முன்னால் நடப்பட்டது. வாணியம்பாடியில் பின்னால்.

இன்றைய நிலை

மத்திய நீர் ஆணையம் 1958 முதல் ஆற்று வெள்ளத்தை முன்னறிவிக்கிறது. திடீர் வெள்ள அபாயத்தை 6 முதல் 24 மணி நேரம் முன்பே கணிக்கும் ஏற்பாட்டை வானிலைத் துறை 2020-ல் தொடங்கியது. பெரிய அணைகளுக்கு அவசரகாலத் திட்டம் கட்டாயம் என்கிறது 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் கரை உயரம் குறைந்த கிராமத்து ஏரிகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. 1903-ல் உடைந்தவற்றில் ஏரிகள்தானே அதிகம்?

ரயில்வேயில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாதைக்கு ஆபத்து தரக்கூடிய ஏரிகளுக்குப் பட்டியல் வைத்து, மழைக்காலத்துக்கு முன் மாநில அதிகாரிகளுடன் சேர்ந்து பார்வையிடுவார்கள். தண்டவாளத்துக்குச் செய்வதை ஆற்றங்கரைக் குடிசைக்கும் செய்யலாம். பாலாற்று ஏரிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் வேண்டும். எந்த ஏரி உடைந்தால் எந்த ஊருக்கு, எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் போகும் என்று அதில் இருக்க வேண்டும். மூன்று மாநில அதிகாரிகளிடமும் அது இருக்க வேண்டும். கீழ்க்கரை ஊர்களில் தண்டோராவோ ஒலிபெருக்கியோ தயாராக இருக்க வேண்டும்.

தண்ணீருக்கு மாநில எல்லை தெரியாது. எச்சரிக்கையும் எல்லையில் நின்றுவிடக் கூடாது. மழை வலுத்தால், பேத்தமங்களா பக்கம் உள்ள தமிழர்கள் அதிகாரிகளுக்கு ஒரு தகவலும் ஊரில் உள்ள உறவினருக்கு ஒரு போனும் போடுவது நல்லது.