காது சும்மா இருக்கும் நேரம்

1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரி பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. ஆனாலும் இரவுச் செய்தி தவறவில்லை. சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். பின்சில்லில் உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் றேடியோவுக்குப் போகும். சுற்றுகிற கை தளர்ந்தால் குரலும் தளரும். உடனே அடுத்தவர் கைமாற்றிக் கொள்வார். லண்டனிலிருந்து வந்த பிபிசி தமிழோசையை இப்படிக் கேட்ட தலைமுறை இன்றும் கிளிநொச்சி மாவட்டமெங்கும் இருக்கிறது.

அந்தச் சேவைக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம். 1941இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. வானொலி நின்றாலும் கேட்கும் பழக்கம் நிற்கவில்லை. அது இப்போது கைபேசிக்குள் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. அந்தப் புதிய இடத்தின் பெயர் பொட்காஸ்ட்.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் வட்டக்கச்சி போன்ற ஊருக்கு இது பொருந்தும் அளவுக்கு வீடியோ பொருந்தாது. களை பிடுங்கும்போதும், கச்சான் உடைக்கும்போதும், மாட்டுக்குப் புல் அறுக்கும்போதும் கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். வானொலியும் அந்தக் காதுக்கானதுதான். ஆனால் அதில் நிகழ்ச்சிக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் மறிக்கப் போய்விட்டால் நிகழ்ச்சி போனதுதான். பொட்காஸ்டில் நிகழ்ச்சி ஒலிக்கோப்பாக வந்து கைபேசியில் காத்திருக்கும், சந்தா கட்டிய வார இதழ் வீட்டுத் திண்ணையில் கிடப்பதுபோல.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி ‘ஆர்.எஸ்.எஸ்.’ என்னும் எளிய எழுத்துக்கோப்பு. ஒரு தளத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்ற பட்டியல்தான் அது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க மென்பொருளாளர் டேவ் வைனர் அந்தப் பட்டியலில் ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்க்க வழி செய்தார். தொலைக்காட்சித் தொகுப்பாளராக இருந்த அடம் கரி அதைப் பரப்பினார். 2004 பெப்ரவரியில் ‘கார்டியன்’ நாளிதழில் பென் ஹமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் ‘பொட்காஸ்டிங்’ என்ற சொல் முதன்முதலாக வந்தது. 2005 ஜூனில் அப்பிள் தனது ஐடியூன்ஸில் பொட்காஸ்டைச் சேர்த்ததும் அது பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது. இந்த ஆர்.எஸ்.எஸ். முறை யாருக்கும் சொந்தமானதல்ல. எந்தச் செயலியும் அதை வாசிக்கலாம். கேட்பவர் ஒரு செயலியை விட்டு இன்னொன்றுக்குத் தன் சந்தாக்களையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே செயலிக்குள் பூட்டி வைக்கப்பட்ட நிகழ்ச்சிகளில் இந்தச் சுதந்திரம் கிடையாது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதைக் கவனத்தில் எடுப்பது நல்லது.

அன்ட்ரொயிட் கைபேசி வைத்திருப்பவர்களுக்கு ‘அன்டெனாபொட்’ நல்ல தொடக்கம். அது இலவசம், விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. 2021இலிருந்து இலங்கையில் கிடைக்கும் ஸ்பொட்டிஃபையிலும் கேட்கலாம். எதில் கேட்டாலும் முதலில் செய்ய வேண்டியது அமைப்புகளுக்குள் போய், வைஃபை கிடைக்கும்போது மட்டும் தரவிறக்கும்படி மாற்றுவது. கேட்டு முடித்தவை தானாக அழியும்படி வைத்தால் கைபேசியும் நிரம்பாது. டவுனுக்குப் போன இடத்திலோ, சில டேட்டாப் பொதிகள் இரவுக்கென்று தரும் பங்கிலோ இறக்கிக்கொண்டால், மறுநாள் வயலில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கினாலும் பேச்சு அறுபடாது.

செலவும் பெரிதல்ல. பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் தாராளம். அதாவது விநாடிக்கு 8 கிலோபைட். அரை மணி நேரத்துக்கு 15 மெகாபைட்டுக்கும் குறைவு. இவ்வளவு சிறிதாக்க முடிவது நம் காதின் இயல்பால்தான். உரத்த ஓசை ஒலிக்கும்போது அதற்கு அருகிலுள்ள சுருதியில் வரும் மெல்லோசையைக் காது பிடிப்பதில்லை. ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க்கும் அவரது குழுவினரும் உருவாக்கிய எம்.பி.3 முறை, கேட்காத அந்தப் பகுதிகளைக் கண்டுபிடித்துச் சிக்கனம் செய்கிறது.

கேட்பது வாசிப்பதைவிடத் தாழ்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒன்பது பேர் ஒரே கதைகளை ஒரு முறை கேட்டார்கள், ஒரு முறை வாசித்தார்கள். மூளையின் இயக்கம் ஸ்கானரில் பதிவானது. பொருளை உணரும் பகுதிகள் இரண்டு வேளையிலும் ஏறக்குறைய ஒரேமாதிரி இயங்கின. 2010இல் பிரின்ஸ்டனில் ஊரி ஹாசனின் குழு கண்டது இன்னும் வியப்பானது. கதை சொல்பவரின் மூளையில் எழும் இயக்கம், கொஞ்சம் பிந்தி, கேட்பவரின் மூளையிலும் எழுகிறது. நன்றாக விளங்கிக்கொண்டவர்களின் மூளையில் சில இடங்கள் சொல்பவரையே முந்தின. அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்தன. கேட்பவர்களுக்குத் தெரியாத ரஷ்ய மொழியில் கதை சொன்னபோது இந்த இணைவு காணாமல் போனது.

அதனால் தொடங்குபவர் தனக்கு விளங்கும் பேச்சில் தொடங்குவதே சரி. தீபிகா அருணின் ‘கதை ஓசை’யில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ உட்படத் தமிழ்ப் படைப்புகள் குரலாகக் கிடைக்கின்றன. அவுஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ் தன் வானொலி நிகழ்ச்சிகளைப் பொட்காஸ்டாகவும் தருகிறது. நூலகம் நிறுவனத்தின் ‘ஆவணகம்’ பொட்காஸ்ட் அல்ல, ஆனால் ஈழத்தவர்களின் வாய்மொழி வரலாறுகளை ஒலிப்பதிவாகவே அங்கே கேட்கலாம். புத்தகத்தில் அகப்படாத பேச்சுத் தமிழ் அவற்றில் உயிரோடு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓடும்போது இஞ்சின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டக் கூடாது. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பதே வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். உட்காதில் செத்துப்போன மயிரணுக்கள் திரும்ப முளைப்பதில்லை. வீதியில் போகும்போது காதில் எதுவும் வேண்டாம்.

குறை ஒன்று மிச்சமிருக்கிறது. கபிலநிறத் தத்தி பற்றியோ, சிறுபோகத்துக்கு எவ்வளவு விதைக்கலாம் என்பது பற்றியோ வன்னிப் பேச்சில் ஒரு நிகழ்ச்சி தேடினால் எளிதில் அகப்படுவதில்லை. இந்த நாட்டில் இதற்கு முன்னோடி இருக்கிறது. 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியின் தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களிலேயே தங்கி, அங்குள்ளவர்களின் குரலைப் பதிந்தார்கள். 1990களின் இறுதியில் கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோவின் துணையோடு, கிராமத்தவர் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் பதில் தேடி வானலையில் விளக்கியது.

வட்டக்கச்சிக்குப் பதில் தேடும் வசதி இன்னும் பக்கத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில். கமக்காரர் கேள்வி கேட்க, பீடத்திலிருந்து ஒருவர் பதில் சொல்ல, காலபோகம் முழுக்க வாரம் அரை மணி நேரம் பேசினால் ஒரு போகத்தின் பட்டறிவு முழுவதும் பதிவாகிவிடும். பெரிய கலையகம் வேண்டாம். ஃபேனை நிறுத்திய ஒரு சின்ன அறை, எதிரொலியை விழுங்க உடுப்பு நிறைந்த அலுமாரி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்த கைபேசி இருந்தால் முதல் பகுதியை இந்தக் கிழமையே பதியலாம்.