முட்டத்தில் தெரியாத திமிங்கலம் திருகோணமலையில் ஏன் தெரிகிறது?

போன மாதம் சுசீந்திரத்திலிருந்து முட்டத்துக்கு ஒரு எட்டு போய்விட்டு வந்தோம். கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் பாறை மேல் உட்கார்ந்திருந்தபோது தங்கச்சி மகன் கேட்டான்: "மாமா, இங்க இருந்து பாத்தா திமிங்கலம் தெரியுமா?" "தெரியாதுடே" என்றேன். "ஏன்?" என்றான். பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததன் குறிப்பு இது.

நம்ம பக்கம் திமிங்கலம் என்றாலே கரை ஒதுங்கிய செய்திதான். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையில் சிக்கின. பாதிக்கு மேல் செத்துப்போயின. உயிரோடு நீந்தும் திமிங்கலத்தை, அதுவும் நீலத்திமிங்கலத்தை, தரையில் நின்றே பார்க்கக்கூடிய இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் இலங்கையின் திருகோணமலை.

அங்கே பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேஸ்வரம் கோவில் வரை சுமார் 1 கிலோமீட்டர் நடை. நல்ல ரோடு, லேசான ஏற்றம். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களைக் கண்டு பயப்படாமல் மேயும். வயசானவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். கோவிலை ஒட்டிப் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது.

உயரத்தால் என்ன லாபம்? கடற்கரை மணலில் நிற்பவருக்குத் தொடுவானம் 4, 5 கிலோமீட்டர்தான். 100 மீட்டர் உயரத்தில் நின்றால் அது 35 கிலோமீட்டரைத் தாண்டும்.

ஆனால் உயரம் பாதிக் காரணம்தான். மீதி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்கிற கடலடி மேடு பரந்து கிடக்கிறது. மீன் வளத்துக்குப் பேர் போன இடம், ஆனால் ஆழம் குறைவு. ஆழ்கடல் தொடங்கும் விளிம்பு கரையிலிருந்து வெகு தூரம். திருகோணமலையிலோ கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரை வரைக்கும் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகளின் ஓரத்தில் சத்துள்ள நீர் மேலே வரும். பொடி உயிர்கள் மண்டும். நாம கூனி என்று சொல்கிறோமே, அந்த வகைச் சின்ன இறால்களைத் தின்னத்தான் அத்தனை பெரிய உயிர் கரைப் பக்கம் வருகிறது.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பருவம். காலையில் வெயில் கண்ணுக்கு நேரே அடிக்கும். மதியத்துக்கு மேல் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும். பைனாகுலர் அவசியம். உடம்பைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள். நீலத்திமிங்கலத்தின் மூச்சு 9 மீட்டர் வரை நேராக எழும். முன்பக்கம் இடது சாய்வாகத் தாழ்ந்து வந்தால் அது எண்ணெய்த் திமிங்கலம்.

படகில் போனால் இன்னும் கிட்டப் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். ஆனால் பல படகுகள் சுற்றி வளைத்தால் திமிங்கலம் இரை தேடுவதை விட்டுவிட்டு ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. இலங்கையின் தென்கோடியில் கப்பல் மோதியும் சாகின்றன. அதனால்தான் 2022-இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் அங்கே தன் பாதையைத் தெற்கே தள்ளி வைத்தது. பாறை மேலிருந்து பார்ப்பவரால் திமிங்கலத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒருவேளை தெரியாமலும் போகலாம். அந்த நஷ்டம் நமக்கு மட்டும்தான்.

மருமகனிடம் சொன்னேன்: "கண்ணு போதாம இல்லடே, கடலுக்கு ஆழம் போதாது." அடுத்த கேள்வி உடனே வந்தது: "அப்போ எப்ப போவோம் மாமா?"