ஏரிகள் ஈன்ற ஆறு

மலையிற் பிறந்து கடலிற் சென்று கலப்பதே ஆற்றின் இயல்பென்று இளமையில் நாம் அனைவரும் கற்றோம். காவிரி குடகு மலையிலும், பாலாறு நந்திமலைப் பக்கத்திலும், பொருநை பொதியிலிலும் தோன்றுகின்றன. ஆயினும், எம்மலையிலும் பிறவாது, நம் முன்னோர் கரைகட்டி வைத்த ஏரிகளின் மிகைநீரே ஒன்றுகூடி ஆறெனப் பெயர்பெற்று ஓடும் விந்தையும் நம் தொண்டைநாட்டில் உண்டு. அதுவே அடையாறு. சென்னைக்கு வருவோர் சைதாப்பேட்டையில் மறைமலையடிகள் பெயர் தாங்கிய பாலத்தைக் கடக்குங்கால், கீழே கரிய நீர் தேங்கிக் கிடக்கக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்வர். அந்நீர் எங்கிருந்து வருகின்றது என்று வினவுவார் மிகச் சிலரே. அவ்வினாவிற்கு விடை காண விழைவோர் நகரத்தை விட்டு மேற்கே நடந்து, திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலத்தை அடைதல் வேண்டும். அங்ஙனம் ஒருமுறை நம் கல்லூரி அன்பர்களை உடன் அழைத்துச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடையாற்றின் நீளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டரேயாம். ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் ஒருபுறமிருந்து வரும். திருப்பெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி ஆகியவற்றின் மிகைநீர் செம்பரம்பாக்கம் ஏரியை அடைந்து, அவ்வேரியினின்றும் வெளிப்பட்டுத் திருநீர்மலைப் பக்கத்தில் அதனோடு கூடும். பின்னர் அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை வழியாகச் சென்று வங்கக்கடலிற் புகும். இவ்வழியிலுள்ள ஊர்கள் நம்மனோர்க்குப் புதியன அல்ல. திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்த குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். மணிமங்கலமோ, முதலாம் நரசிங்கவர்மப் பல்லவன் சளுக்கிய மன்னன் புலிகேசியைப் பொருது வென்ற களங்களுள் ஒன்று.

இந்நிலத்தில் ஏரிகள் இத்துணை மிகுந்திருப்பதன் காரணம் யாதெனின், கூறுதும். இங்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். நிலமோ மேற்கினின்று கிழக்கு நோக்கி மெல்லச் சரிவது. ஆகவே, சரிவுக்குக் குறுக்கே பிறைவடிவாகக் கரை எழுப்பிப் பெய்த நீரைத் தடுத்து நிறுத்தினாலன்றி எஞ்சிய மாதங்களில் உழவும் இல்லை, குடிநீரும் இல்லை. நிலம் குழிந்த இடந்தோறும் நீரைத் தேக்கிவைக்குமாறு குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்திய செய்தியைப் புறநானூற்றிற் கற்றோம். பாலாற்றினின்று பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டிப் பரமேச்சுர தடாகத்திற்கு நீர் கொணர்ந்த செய்தியைப் பல்லவரது கூரம் செப்பேடு உரைக்கின்றது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளோ, ஏறத்தாழ கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஏரி வாரியத்திற்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையினை விளக்குகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் அப்பதவிக்கு உரியனல்லன் என்பதும் அவற்றுட் கண்ட விதியாம். ஏரியைக் காப்பது ஊராட்சியின் முதற் கடமைகளுள் ஒன்றாக அன்று கருதப்பட்டமை இதனால் விளங்கும்.

என் பாட்டனார் ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நீர்க்கட்டியாக இருந்தவர். மதகைத் திறப்பதும் அடைப்பதும், முறைவைத்து வயல்களுக்கு நீர் விடுவதும், மழைக்காலத்தில் இரவெல்லாம் கரைமீது நடந்து உடைப்பு நேராமற் காப்பதும் நீர்க்கட்டியின் தொழில். அதற்குக் கூலி அறுவடைக் களத்தில் அளந்து தரும் நெல். அவர் எனக்குக் கூறிய விளக்கம் எந்நூலிலும் யான் கண்டதினும் தெளிவானது. "ஏரிக்கு மூன்று உறுப்பு உண்டு, தம்பி. நீர் வருகிற வரத்துக்கால் அதன் வாய். மதகு அதன் கை. மிகுந்த நீர் வழிகிற கலங்கல் அதன் மூக்கு. வாயை அடைத்தால் பட்டினி, மூக்கை அடைத்தால் சாவு," என்பார். ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீரே அடுத்த ஏரியின் வரத்துக்காலிற் சென்று சேர்வதால், மேலூர் ஏரிக்கு நேர்ந்த கேடு கீழூர் ஏரியையும் பற்றும். இங்ஙனம் சங்கிலிபோற் கோத்த ஏரிகளின் கடைசிக் கண்ணியே அடையாறு எனலாம்.

இந்நிலத்திற்கு அண்மைக் காலத்தில் புதிய வாழ்வு வந்தது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. அவற்றைச் சூழ உதிரி உறுப்புகள் செய்யும் பட்டறைகளும், பண்டகசாலைகளும், அகன்ற சாலைகளும், தொழிலாளர் குடியிருப்புகளும் பெருகின. இவற்றைப் பழித்துரைப்பது எளிது. யான் அங்ஙனம் உரைக்க இயலாதவன். என் தமையனார் அத்தகைய பட்டறை ஒன்றில் இரவு முறையில் உழைத்து ஈட்டும் ஊதியத்தாலேயே யான் இக்கல்லூரியில் தமிழ் கற்கின்றேன். களத்து நெல்லை நம்பி வாழ்ந்த என் பாட்டனாருக்குத் தம் மகனைப் பத்தாம் வகுப்பிற்கு மேற் படிக்கவைக்க இயலவில்லை. ஆதலின் தொழிற்சாலை வேண்டுமா, ஏரி வேண்டுமா என்பதன்று வினா. தொழிற்சாலை வந்தபொழுது ஏரிக்குரிய வழியை விட்டுவைத்தோமா என்பதே வினா.

முதலாவது கேடு அவ்வழி அடைபட்டதேயாம். ஏரியின் நீர்ப்பரப்பு எல்லார் கண்ணுக்கும் புலப்படும். ஆதலின் அதனைக் காக்கச் சிலரேனும் முன்வருவர். வரத்துக்காலோ ஆண்டில் பத்துத் திங்கள் வறண்டு, முட்செடி மூடிய வெறும் பள்ளமாகக் காட்சியளிக்கும். அதனை மண்ணிட்டு மேடாக்கி மனையாக்குவதும், அதன் குறுக்கே மதிற்சுவர் எழுப்புவதும், பத்தடி அகலக் கால்வாயை இரண்டடிக் குழாயாகச் சுருக்கிச் சாலையை அதன்மீது இடுவதும் எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. எங்கள் ஊர்க் கலங்கலுக்குக் கீழே அங்ஙனம் ஒரு மதிற்சுவர் எழுந்தபொழுது, என் பாட்டனார் சென்று அவ்விடத்தில் நீர் வரும் என்று கூறினாராம். "எங்கே ஐயா நீர்?" என்று வினவி நகைத்தனராம். அது கோடைக்காலம்.

இரண்டாவது கேடு நிலம் இறுகியமை. உழுத நிலமும் புல்வெளியும் மழையின் ஒரு பகுதியைப் பருகி, எஞ்சியதை மெல்ல விடுவிக்கும். கூரையும், சிமெண்டுத் தளமும், தார்ச்சாலையும் ஒரு துளியையும் பருகுவதில்லை. ஓர் ஏக்கர் நிலத்தில் பத்துச் சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்நீரின் அளவு ஏறத்தாழ நான்கு இலட்சம் லிட்டர். முன்பு பல மணி நேரத்தில் மெல்ல வந்து சேர்ந்த அந்நீர், தளம் இட்ட இடத்தில் ஒருங்கே திரண்டு பாய்கின்றது. பாயும் நீர் பன்மடங்காகவும், அதற்குரிய வழி சிலமடங்கு குறுகவும் நேர்ந்தால் விளைவு யாதாகும் என்பதை 2015-ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று.

அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில், ஒருநாட் பொழுதில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரியினின்று விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. நிறைந்த ஏரி முழுவதையும் ஒன்றரை நாளில் வெறிதாக்கத்தக்க வேகம் அது. அத்துறப்பைப் பற்றியே பலரும் பேசினர். இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கையும் அதனை ஆராய்ந்து, மக்களால் விளைந்த பேரிடர் எனக் கூறிற்று. ஆயினும் அன்று ஆற்றில் ஓடியது செம்பரம்பாக்கத்து நீர் மட்டுமன்று. மதகும் காவலும் இல்லாத எத்தனையோ சிற்றேரிகளின் நீரும் ஒருங்கே திரண்டு வந்தது. முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. அவ்விடங்கள் அவ்வேரி நீர் ஆற்றோடு கூடுமிடத்திற்கு மேலே உள்ளன என்பதை நினைவிற் கொண்டால், மேட்டு நிலத்துச் சிற்றேரிகளின் வலிமை புலனாகும்.

அப்பொழுது எனக்கு வயது ஒன்பது. நள்ளிரவில் எங்கள் ஊர்க் கலங்கலில் வழிந்த நீர் மதிற்சுவரில் மோதித் திரும்பி, எங்கள் தெருவிற் புகுந்தது. கிறிஸ்துமஸுக்கென வாங்கி வைத்திருந்த துணிகளையும் ஒரு மூட்டை அரிசியையும் தலையிற் சுமந்துகொண்டு, மேட்டிலிருந்த சிற்றாலயத்திற்குச் சென்று இரண்டு நாள் தங்கினோம். என் பாட்டனார் மட்டும் வரவில்லை. கரை உடையுமோ என்று அஞ்சி, மண்வெட்டியோடு ஏரிக்குச் சென்றுவிட்டார். கரை உடையவில்லை. விடியலில் அவர் திரும்பி வந்து, ஒருவரையும் நோகாமல், "நான் சொன்ன இடத்திலேதான் வந்தது," என்று மட்டும் கூறினார்.

நான்காண்டுகள் கழித்து, 2019-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அதே செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. சென்னைக்கு இருப்புப்பாதை வழியாக ஜோலார்பேட்டையினின்று குடிநீர் கொணரப்பெற்றது. வெள்ளமும் வறட்சியும் ஒன்றற்கொன்று மாறுபட்டவையாகத் தோன்றினும், இங்கு இரண்டுக்கும் வேர் ஒன்றே. தேங்கி நிற்கவேண்டிய நீர் ஒரே இரவிற் கடலுக்கு ஓடிவிட்டால், கோடையில் தேங்கி நிற்க எதுவும் இராது. மண்ணுள் இறங்கும் நீர் குறைய, ஆழ்குழாய்க் கிணறுகளோ மேன்மேலும் ஆழம் சென்று எஞ்சியதையும் உறிஞ்சுகின்றன.

மூன்றாவது கேடு கழிவு. உலோகத்திற்கு முலாம் பூசுமிடத்தும் வண்ணம் தீட்டுமிடத்தும் குரோமியம், நிக்கல் முதலிய நச்சுப்பொருள்கள் நீரிற் கலக்கும். அவற்றை நீக்கியபின்பே நீரை வெளியிடுதல் வேண்டும். அதனினும் அளவால் மிக்கது குடியிருப்புகளின் சாக்கடை. மக்கள் விரைந்து குடியேறிய ஊர்களில் கழிவுநீர்க் குழாய்கள் அவ்வளவு விரைவாக வரவில்லை. அந்நீர் ஏரியை அடைய, ஆகாயத்தாமரை செழித்துப் படர்ந்து, நீருள் உயிர்வளி குன்றி, மீன்கள் மடிகின்றன. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரியாதலின், மேலூரில் விடும் சாக்கடை கீழூரில் நாம் அருந்தும் குவளையை நோக்கியே நடக்கின்றது என்பதை மறத்தல் ஆகாது.

இதன் முடிவு என்னாகும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டுவதில்லை. அண்டையிலுள்ள பாலாற்றைக் காண்க. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடுமிடங்களின் கழிவால் அவ்வாற்றுப் படுகையும் கிணறுகளும் கெட்டன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பயிருக்கு ஆகாததாயிற்று என்னும் செய்தி, 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. கேடு வருமுன் காத்தல் வேண்டும், கெடுத்தவனே ஈடு செய்தல் வேண்டும் என்னும் இரு நெறிகளை அத்தீர்ப்பு இந்நாட்டுச் சட்டமாக ஏற்றது. ஆயினும் ஒருமுறை நஞ்சேறிய நிலம், தீர்ப்புக் கேட்டுத் திருந்துவதில்லை. அடையாற்றுத் தலைப்பகுதியோ இன்னும் அந்நிலையை எய்தவில்லை. காக்கும் காலம் இதுவே.

கெட்ட ஆறு மீளுமோ என்று மனந்தளர்வார்க்கு ஒன்று கூறுதும். இலண்டன் மாநகரத்துத் தேம்சு ஆறு 1858-ஆம் ஆண்டுக் கோடையில் நாற்றம் தாங்காது பாராளுமன்றத்தாரையே வருத்திற்று. அதன் பின்னரே அங்குப் பெருங்கழிவுநீர்க் குழாய்கள் அமைந்தன. 1957-ஆம் ஆண்டில் அவ்வாறு உயிரற்றதென அறிஞரால் மீண்டும் கைவிடப்பட்டது. அதன்பின் கழிவைத் தூய்மை செய்யும் நிலையங்களைத் திருத்தியமைக்க, மீன்கள் திரும்பின. ஆறு இறந்தது என்று கைகழுவுதல் இதனால் தகாது என அறிக.

செய்யவேண்டுவன யாவை? ஏரிகளின் எல்லையை மட்டுமன்றி, ஒவ்வொரு வரத்துக்காலையும் கலங்கலையும் அளந்து, கல் நட்டு, புதிய மனைக்கும் சாலைக்கும் இசைவு தருமுன் அவ்வரைபடத்தைக் காணுதல் வேண்டும். பாலாற்று நீரைத் திருப்பெரும்புதூர்ப் பக்கம் கொணரும் பழைய கம்பன் கால்வாய், 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற பரந்தூர் விமான நிலையத்திற்குரிய நிலத்தின் வழியே செல்கின்றது. அத்தகைய இடங்களில் கால்வாய்க்கு என்ன நேரும் என்பதைக் கட்டடம் எழுமுன்பே வினவுதல் முறை. தொழிற்சாலைகள் தம் கூரை நீரைத் தம் எல்லைக்குள்ளேயே குளம் அமைத்துத் தேக்குதல் இயலும். ஊரார் கடமையும் உண்டு. பழைய குடிமராமத்து முறையை 1858-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயத்தால் நிலைநிறுத்த முயன்றது. 2017-ஆம் ஆண்டில் அரசு அப்பெயரிலேயே ஏரி தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கிற்று. தூர் வாரிய ஏரிக்கு நீர் வரும் வழியும் திறந்திருத்தல் வேண்டும். இன்றேல் வாய் அடைத்தவனுக்கு வயிற்றை அகலமாக்கிய கதையாகும்.

மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஊர்தோறும் நீரின் வழி அறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்கள் அறிந்ததை எந்த அலுவலகமும் எழுதிவைக்கவில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் அவர்களோடு ஒரு பொழுது கரைமீது நடந்து, எவ்வேரியின் நீர் எவ்வேரிக்குச் செல்லும், அவ்வழியில் இன்று நிற்பது யாது எனக் கேட்டு எழுதிவருதல் கூடும். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையர் அவர்களைப் போற்றும் நமக்கு இதுவும் ஒரு சுவடித் தொண்டேயாம்.

என் பாட்டனார்க்கு இப்பொழுது வயது எண்பதைக் கடந்துவிட்டது, பார்வை மங்கிவிட்டது. சென்ற விடுமுறையில் அவர் கையைப் பற்றிக் கரைமீது நடந்தேன். அவர் கூற யான் எழுதினேன். எங்கள் ஏரி முதல் ஆறுவரை பதினொரு இடங்கள் என் குறிப்பேட்டில் உள்ளன. அவற்றுள் நான்கில் இன்று சுவர் நிற்கின்றது. எஞ்சிய ஏழும் இன்னும் திறந்தே உள்ளன.