வீட்டிலேயே போட்டோ அடிக்கும் மெஷின்



டவுனில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி வந்த போட்டோ பிரின்டரை வைத்துக்கொண்டு, "இத எப்படி பாவிக்கிறது?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் வீட்டில் அடித்த படம் செல்லாது. பதிவு பெற்ற ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும். அந்தச் செலவு மிஞ்சும் என்று நம்பிக் கடனுக்கு மெஷின் எடுத்துவிடாதீர்கள். கலியாணப் படம், பிள்ளையின் பிறந்தநாள் படம், காலமான அப்பாயியின் படம் இவற்றுக்குத்தான் அது உதவும்.

மெஷினில் இரண்டு வகை. ஒன்று மை தெளிப்பது. இதை வாரத்துக்கு ஒருதரமாவது ஓட்ட வேண்டும். சும்மா கிடந்தால் மை காய்ந்து வாய் அடைத்துக்கொள்ளும். எங்கள் ஆபீஸ் மெஷினைச் சித்திரை லீவுக்குப் பிளக்கை இழுத்து நிறுத்திவிட்டுப் போனோம். வந்து பார்த்தால் முகமெல்லாம் கோடு கோடாக விழுந்தது. சுத்தம் பண்ணியே பாதி மை போய்விட்டது! மெஷினில் உள்ள பட்டனை அமத்தி நிறுத்தினால்தான் மை வாயை அது தானாக மூடிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான்.

மற்றது ரிப்பன் வகை; கெனன் செல்பி அதில் ஒன்று. வருசத்தில் நாலைந்து விசேஷத்துக்கு மட்டும் படம் அடிக்கிற வீட்டுக்கு இதுதான் நல்லது என்பது எங்கள் எண்ணம். இதில் காய்ந்துபோக மை இல்லை. ரிப்பனைச் சூடாக்கி நிறத்தைக் கடுதாசியில் ஏற்றுகிறது. முதலில் மஞ்சள், பிறகு ரோஸ், பிறகு நீலம், கடைசியில் நிறமில்லாத ஒரு பூச்சு. அதனால் கடுதாசி நாலு தரம் உள்ளே போய் வரும். முதல் தரம் மஞ்சளாக வெளியே வந்ததும் "பழுதாப்போச்சு" என்று பிடித்து இழுத்துவிடாதீர்கள். கடுதாசி பின்பக்கமும் நீளும். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடம் விடுங்கள்.

ரிப்பன் தொய்ந்திருந்தால் பல்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி இறுக்கிவிட்டுப் போடுங்கள். செல்பியில் கடுதாசியின் பளபளப்பான பக்கம் மேலே இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் விரல் படக்கூடாது, அதுவும் கொழுந்துக் கறைக் கை. மிச்சக் கடுதாசியைப் பையில் மூடி வையுங்கள். நம்ம மலைப் பனிக்கு வளைந்துபோகும்.

வைபை உள்ள மெஷினில் போனையும் மெஷினையும் நேரே சேர்க்கலாம். அப்பை இறக்க ஒருதரம் டேட்டா செலவாகும், பிறகு வேண்டாம். 4க்கு 6 அங்குலப் படம் தெளிவாக விழ 1200க்கு 1800 புள்ளிகள் வேண்டும். வாட்சப்பில் வரும் படம் சுருங்கிப்போயிருக்கும். அனுப்புகிறவரிடம் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போன் படத்தைவிட இந்தக் கடுதாசி நீளம் கூடியது, ஓரம் வெட்டுப்படும். எடுக்கும்போதே தலைக்கு மேல் இடம் விட்டு எடுங்கள்.

பழைய படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, இஸ்தோப்பில் வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைத்துப் போனில் எடுத்தால் நன்றாக வரும். கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்க வேண்டாம், அப்படியே எடுங்கள்.

இடி முழங்கும் பின்னேரங்களில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். முடிந்த ரிப்பனை அப்படியே குப்பையில் போடாதீர்கள். நீங்கள் அடித்த படமெல்லாம் அதில் தெரியும். துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்.