ஜிம்முக்குப் போகக் கூச்சமா?

பணம் கட்டி ஜிம்மில் சேர்ந்து, நாலு நாள் போய்விட்டு, பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டாதவர்கள் நிறையப் பேர். சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். பல நேரம் காரணம் கூச்சம்தான். சுற்றிலும் கண்ணாடி, காதைப் பிளக்கும் பாட்டு, முறுக்கேறிய தோள்கள். எந்தக் கருவியில் எப்படி உட்காருவது என்றே தெரியாமல் நிற்கும்போது எல்லோரும் நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். இந்தக் கூச்சம் போக உடம்பு தேறும்வரை காத்திருக்க வேண்டாம். கருவிகள் பழகினாலே பெரும்பகுதி போய்விடும்.

யார் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாடகர் பாரி மேனிலோவின் படம் போட்ட டி-ஷர்ட்டை அணியவே மாணவர்கள் கூச்சப்பட்டார்கள். அதை மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். அறையில் சுமார் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான்.

ஜிம்மிலும் இதுதான் நடக்கிறது. ஒரு செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) முடித்து மூச்சு வாங்குபவரின் கண் நம் மேல் படலாம். மனம் அவருடைய அடுத்த செட்டில் இருக்கும். கண்ணாடி முன் நிற்பவர் தன் முதுகு வளையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் ஒரு கருவி

முதல் நாளே டம்பெல் வரிசைக்குப் போக வேண்டாம். உட்கார்ந்து செய்யும் கருவி ஒன்றில் தொடங்குங்கள். செஸ்ட் பிரஸ் நல்ல தேர்வு. சீட்டுக்குக் கீழோ பக்கத்திலோ ஒரு பிடி இருக்கும். அதை இழுத்து, கைப்பிடிகள் நடு மார்பு உயரத்துக்கு வரும்படி சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் எண் போட்ட இரும்புப் பலகைகள் அடுக்கியிருக்கும். அதில் ஒரு பின் செருகியிருக்கும். பின் செருகிய பலகையும் அதற்கு மேலே உள்ளவையும்தான் தூக்கும்போது மேலே வரும். எடையைக் குறைக்க, பின்னை உருவி மேலே உள்ள ஓட்டையில் செருகினால் போதும்.

குறைந்த எடையில் வையுங்கள். முதுகைச் சாய்மானத்தில் ஒட்டி, மூச்சை விட்டபடி தள்ளி, மூச்சை இழுத்தபடி மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். 10, 12 முறை செய்த பிறகும் இன்னும் இரண்டு மூன்று முறை தள்ள முடியும் என்று தோன்றினால் எடை சரி. முடித்ததும் வியர்வையைத் துண்டால் துடைத்துவிட்டு எழுந்திருங்கள்.

பார்பெல்லுக்கு வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பிளேட் எதுவும் மாட்டாத ஒலிம்பிக் பார் மட்டுமே 20 கிலோ. பெண்களுக்கானது 15 கிலோ. வெறும் பாரோடு பழகுவது முறையான தொடக்கம்தான். அதுவும் கனமாக இருந்தால் டம்பெல்லில் தொடங்கலாம்.

கேட்டுப் பழகுங்கள்

சொல்லிக்கொடுக்கத்தான் மாஸ்டர் இருக்கிறார். “எனக்கு ஒண்ணும் தெரியாது மாஸ்டர்” என்று பொதுவாகச் சொன்னால் ஒரு அட்டவணையைக் கொடுத்துவிட்டுப் போய்விடக்கூடும். “மாஸ்டர், இதுல சீட் எனக்கு எந்த உயரம்? ஒரு செட் பண்றேன், பாருங்க” என்று கேட்டால் நின்று பார்ப்பார். கருவியில் வேறொருவர் இருந்தால், “ப்ரோ, இன்னும் எத்தனை செட் இருக்கு? நடுவுல ஒண்ணு போட்டுக்கட்டுமா?” என்று கேட்கலாம். ஜிம்மில் இது தினசரிப் பேச்சு.

பெரும்பாலான ஜிம்களில் விடியற்காலையும் மாலை 6 மணிக்கு மேலும் கூட்டம் நெரியும். முடிந்தால் முதல் சில நாள்கள் அந்த நேரத்தைத் தவிருங்கள். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் ஜிம்களும் உண்டு. சேரும் முன் விசாரியுங்கள். சலுகை என்று சொன்னாலும் வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். புதிதாக வருபவர்களை மாஸ்டர் திருத்துகிறாரா, கேலி பேசுகிறார்களா என்பது அதற்குள் தெரிந்துவிடும். கேலி செய்யும் இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வேறு ஜிம் பாருங்கள்.

முதல் மாதம்

பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. மூட்டில் சுருக்கென்று வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் கண்ணாடியில் மாற்றம் தெரியாது. ஆனால் தூக்கும் எடை ஏறும். இருக்கும் தசையை நரம்புகள் நன்றாக வேலை வாங்கப் பழகுவதே அதற்கு முக்கியக் காரணம். பெரியவர்கள் தசைப் பயிற்சியை வாரம் இரண்டு நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இரண்டு நாளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். போகும் நாளெல்லாம் ஒரு புதுக் கருவியைக் கேட்டுப் பழகினால், ஒரு மாதத்தில் ஏழெட்டுக் கருவிகள் கைவந்துவிடும். முழு உடம்புக்கும் பயிற்சி செய்ய அதுவே தாராளம்.